பெண்பிள்ளையின் துவிச்சக்கர வண்டி: குறுக்குச் சட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மகளுக்குத் துவிச்சக்கர வண்டி வாங்கச் செல்லும் பெற்றோர் கடை வாசலில் நின்று விலையையும் நிறத்தையும் பற்றி யோசிக்கத் தொடங்குமுன்பே ஒரு தெரிவு அவர்களுக்காகச் செய்யப்பட்டுவிடுகின்றது. வண்டிகள் அங்கே ஏற்கெனவே இரண்டாகப் பிரித்து நிறுத்தப்பட்டிருக்கும். இருக்கையின் கீழிருந்து கைபிடியை நோக்கி நேராகச் செல்லும் குறுக்குச் சட்டத்தை, யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் ‘பார்’ எனப்படுவதை, உடையவை ஒரு பக்கம். அச்சட்டம் இன்றி முன்புறம் தாழ்ந்து வளைந்தவை மறுபக்கம். முன்னவை ஆண்களுக்கு, பின்னவை பெண்களுக்கு என்பது எவரும் எவருக்கும் விளக்க வேண்டாத செய்தியாகிவிட்டது. நெடுங்காலம் நிலைத்த வழக்கங்கள் யாவற்றையும் போல இதுவும் இயற்கையின் ஏற்பாடு போலத் தோன்றுகின்றது.

ஆயின் பெண்ணின் உடலமைப்புக்கும் இச்சட்டத்துக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. உடலமைப்பே காரணமாயின், திடீரெனக் கால் வழுக்கும்போது நேரக்கூடியதை எண்ணிப் பார்ப்போர், அச்சட்டம் ஆண்களின் வண்டியிலிருந்தன்றோ முதலில் அகற்றப்பட்டிருக்க வேண்டும் என்பர். தொடர்பு துணியோடு மட்டுமே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு மத்தியதர வர்க்கப் பெண் அணிந்த, நிலத்தைத் தொடும் பாவாடையே இவ்வண்டியின் வடிவைத் தீர்மானித்தது. அப்பாவாடை வழக்கொழிந்து நூறாண்டுகளாகியும் அது தீர்மானித்த வடிவம் வழக்கொழியவில்லை. அவ்வடிவத்தின் வரலாற்றை நோக்கின், ஒரு பெண் எங்கே போகலாம், எதில் போகலாம், அதனை யார் தீர்மானிப்பது என்ற வினாக்களின் வரலாறே அதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

ஜேர்மனியைச் சேர்ந்த கார்ல் வொன் டிறைஸ், மான்ஹைம் நகரிலிருந்து 1817 யூன் 12ஆம் திகதி தமது ‘ஓடும் பொறி’யிற் புறப்பட்டதே இரு சில்லு வண்டியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. மிதிகள் இல்லாத மரவண்டி அது. அதில் அமர்ந்தவர் நிலத்தைக் காலால் உதைத்து உதைத்து முன்னே செல்ல வேண்டும். அடுத்த ஈராண்டுகளுள் அதனைத் திருத்தி இலண்டனில் விற்பனை செய்த டெனிஸ் ஜோன்சன் என்னும் வண்டித் தச்சர், 1819ஆம் ஆண்டளவில், பாவாடை அணிந்த சீமாட்டியரும் ஏறத்தக்கதாக நடுமரத்தைத் தாழ்த்தி வளைத்து ஒரு வண்டி செய்தார். மிதியும் சங்கிலியும் காற்றடைத்த ரயரும் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னதாகவே பெண்களுக்கான தாழ்ந்த சட்டகம் தோன்றிவிட்டது என்பது நோக்கத்தக்கது. ஜோன்சனின் வண்டி நிலைக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் அவ்விளையாட்டுப் பொருளின் மோகமே அடங்கிப் போயிற்று.

1870களில் இங்கிலாந்தில் மேலோங்கியது முன் சில்லு ஆளுயரத்துக்கு எழும்பிய உயர்ந்த வண்டி. அதில் ஏறுவது இளைஞருக்கே துணிகரமான செயல். கவென்ட்றி நகரத்து ஜேம்ஸ் ஸ்ரார்லி, குதிரையிற் பெண்கள் ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு அமர்வது போலவே அமர்ந்து, இரு மிதிகளையும் ஒரே பக்கத்தில் மிதிக்கும் வண்ணம் 1874ஆம் ஆண்டளவில் அவ்வண்டியின் ஒரு வகையை அமைத்தார். புத்திக்கூர்மை மிக்க அமைப்புத்தான். ஓட்டுவதற்குத்தான் எவரும் முன்வரவில்லை. பெண்களுக்கு உரியவையாக எஞ்சியவை முச்சில்லு வண்டிகள். வைட் தீவில் விக்டோரியா மகாராணியாரின் குதிரை வண்டியை முந்திக்கொண்டு முச்சில்லு வண்டியில் ஓர் இளம்பெண் சென்றாள் என்றும், அவள் ஸ்ரார்லியின் விற்பனை முகவர் ஒருவரின் மகள் என்றும், அதனைக் கண்ட மகாராணியார் தமக்கும் வண்டிகள் வேண்டுமெனப் பணித்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், 1881இல் அரண்மனைக்கு அவ்வண்டிகள் வாங்கப்பட்டன. அரசியே வாங்கிய பொருளை மகளுக்கு வாங்கிக் கொடுப்பதில் எந்தத் தந்தைக்கும் மானக்கேடு இல்லை. ஆயின் முச்சில்லு வண்டி கனமானது, விலை மிக்கது, வீட்டில் நிறுத்தத் தனியறை வேண்டுவது. ஆகவே அது செல்வர் வீட்டுப் பெண்களைத் தாண்டிச் செல்லவில்லை.

ஜேம்ஸ் ஸ்ரார்லியின் சகோதரர் மகனான ஜோன் கெம்ப் ஸ்ரார்லி 1885இல் ‘றோவர்’ என்ற வண்டியை வெளியிட்டார். ஏறத்தாழ ஒரே அளவான இரு சில்லுகள், பின் சில்லைச் சங்கிலியால் இயக்கும் மிதிகள் என இன்றைய வண்டியின் அடிப்படை அதிலேயே அமைந்துவிட்டது. 1888இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனின் முச்சில்லு வண்டி கற்பாதையிற் குலுங்குவதைப் பொறாது, இறப்பர்க் குழாயிற் காற்றடைத்துச் சில்லைச் சுற்றிப் பொருத்தினார். பிள்ளையின் வண்டியைப் பற்றித் தந்தை கொண்ட கவலை உலக வணிகத்தையே அசைத்தது எனின் மிகையாகாது. 1890களில் மூண்ட சைக்கிள் மோகம் இறப்பருக்கு இதற்கு முன் இல்லாத கிராக்கியை ஏற்படுத்தியது. கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் 1876இல் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகள் பெருந்தோட்டங்களாகப் பெருகியமைக்கும், தமிழகத்திலிருந்து தொழிலாளர் களுத்துறைக்கும் கேகாலைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவரப்பட்டமைக்கும் பின்னணியில் முதலிற் சைக்கிளும் பின்னர் மோட்டார் வண்டியும் நின்றன. இலண்டன் பூங்காவிற் சைக்கிளோடிய மங்கையின் ரயருக்குப் பால் வெட்டியவளும் ஒரு பெண்ணே. அவளுக்குச் சைக்கிள் இல்லை.

றோவர் வண்டி வெளிவந்து சில ஆண்டுகளுள், 1880களின் இறுதியில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதன் ‘சீமாட்டி வடிவம்’ சந்தைக்கு வந்தது. இங்கே தொழினுட்பம் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் அவசியமாகின்றது. சாதாரண வண்டியின் சட்டகம் இரு முக்கோணங்களின் சேர்க்கை எனலாம். முக்கோணம் வளையாது, ஆகவே மெல்லிய உருக்குக் குழாய்களே போதுமான வலிமையைத் தரும். பாவாடைக்கு இடம் விடுவதற்காக மேற்சட்டத்தை எடுத்துவிடின் முன்முக்கோணம் உடைந்து போகின்றது. கைபிடிக் கழுத்துக்கும் மிதியச்சுக்கும் இடையே முறுக்கும் விசை முழுவதையும் தாழ்ந்த குழாய்களே தாங்க வேண்டும். அதற்காக அக்குழாய்கள் தடித்தனவாக, அல்லது இரண்டாக அமைக்கப்பட்டன. பாவாடை சங்கிலியில் அகப்படாதிருக்க முழுச் சங்கிலியையும் மூடும் பெட்டி; பின் சில்லின் கம்பிகளில் அகப்படாதிருக்க மட்காட்டிலிருந்து அச்சுவரை இருபுறமும் நூலாற் பின்னிய வலை. இவை யாவும் சேர்ந்தபோது, பலம் குறைந்தவள் எனச் சமூகம் கூறிய பெண்ணின் வண்டி, பலசாலி எனப்பட்ட ஆணின் வண்டியை விடக் கனமானதாயிற்று. பாவாடையின் நிறையைச் சுமந்தவள் இப்போது பாவாடைக்காகச் செய்யப்பட்ட இரும்பின் நிறையையும் சேர்த்து மிதிக்க வேண்டியவளானாள்.

இதற்கு மாற்று வழியொன்று இருந்தது. வண்டியை மாற்றாது உடையை மாற்றுவதே அது. இலண்டனில் 1881இல் நிறுவப்பட்ட பகுத்தறிவு உடைச் சங்கம் பெண்களுக்கு இரண்டாகப் பிரிந்த உடையே ஏற்றது என வாதாடி வந்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான ஹார்பெற்றன் சீமாட்டி, 1898 ஒக்ரோபரில், சறே பிரதேசத்திலுள்ள ஒக்கம் என்ற ஊரின் விடுதியொன்றுக்குத் தளர்ந்த காற்சட்டை உடையிற் சைக்கிளிற் சென்றபோது, கோப்பி அருந்தும் கூடத்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மது அருந்துவோர் இருக்கும் அறைக்குச் செல்லுமாறு கூறப்பட்டது. சைக்கிளோட்டிகள் சங்கம் வழக்குத் தொடர்ந்தும் 1899இல் விடுதித் தரப்பே வென்றது. உடையை மாற்றுவதிலும் பார்க்க இரும்பை வளைப்பது அச்சமூகத்துக்கு எளிதாக இருந்தது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மருத்துவர்களிற் சிலரும் இவ்விவாதத்தில் இறங்கினர். வண்டியோடும் பெண்ணின் முகம் கடுத்துக் கோணி ‘சைக்கிள் முகம்’ ஆகிவிடும் என்று எச்சரித்தோர் உண்டு. திறந்த வெளியிற் செய்யும் அப்பியாசம் பெண்களுக்கு நன்மையே என்று கூறிய மருத்துவர்களும் உண்டு. அவர்களது கூற்று அத்துணை சுவையானதன்று ஆகையால் அதிகம் நினைவுகூரப்படுவதில்லை.

இக்காலப் பெற்றோர் அனைவரும் ஒரே விதமாக நடந்துகொண்டனர் எனக் கொள்வது தவறு. பிறைற்றன் நகரிற் சைக்கிள் வணிகம் செய்த றெனல்ட்ஸ் என்பவரின் மகள் ரெசி. 1893 செப்டெம்பரில், பதினாறு வயதினளான அப்பெண் பிறைற்றனிலிருந்து இலண்டனுக்குச் சென்று அன்றே திரும்பினாள். ஏறத்தாழ 120 மைல். எட்டரை மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான நேரம். நேரத்தைக் கணித்தவர் தந்தையே. அவளது உடை முழந்தாள்வரையான காற்சட்டையும் நீண்ட மேற்சட்டையும். அவள் ஓடியதோ குறுக்குச் சட்டம் உள்ள, ஆண்களின் வண்டி. சைக்கிள் வணிகர் ஒருவருக்குச் சீமாட்டி வடிவம் சந்தையில் இருப்பது தெரியாதிருக்க முடியாது. இலேசானது எது, கனமானது எது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தே அவர் மகளுக்கு அதனைக் கொடுத்தார்.

இதனை அடுத்துப் பத்திரிகைகளில் எழுந்த கண்டனம் பெருமளவுக்கு அவளது உடையைப் பற்றியதாகவே இருந்தது. 120 மைல் ஓடிய கால்களைப் பற்றி எழுதியதை விட அக்கால்களை மூடிய துணியைப் பற்றி எழுதியதே அதிகம். மகளைத் தெருவிற் காட்சிப் பொருளாக்கிவிட்டார் என்ற பழி தந்தைக்கும் வந்து சேரக் கூடியதே. றெனல்ட்ஸ் தம் வணிகத்துக்கு விளம்பரம் தேடினார் என்று கூறுவாரும் இருக்கலாம். அவ்வாறாயினும், மகளின் ஆற்றலைப் பகிரங்கப்படுத்துவதே விளம்பரம் எனக் கருதிய வணிகர் அந்நாளில் அரிதாகவே இருந்திருப்பார்.

தெரிவு பெண்ணின் கையிலேயே இருந்தபோது நேர்ந்ததை அனி லண்டன்டெறி என்ற பெயரால் அறியப்பட்ட அனி கொப்சொவ்ஸ்கியின் பயணம் காட்டுகின்றது. லற்வியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய யூதப் பெண். மூன்று பிள்ளைகளின் தாய். ஊற்றுநீர் விற்கும் நிறுவனமொன்றின் விளம்பரப் பலகையை வண்டியிற் கட்டிக்கொண்டு, அந்நிறுவனத்தின் பெயரையே தம் பெயராகவும் சூடிக்கொண்டு, 1894 யூனிற் பொஸ்ரன் நகரிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார். நீண்ட பாவாடை, 42 இறாத்தல் நிறையுள்ள, கொலம்பியா நிறுவனத்துப் பெண்கள் வண்டி. சிக்காகோவை அடைவதற்குள் மாதங்கள் கழிந்தன. பயணத்தைக் கைவிடும் நிலைக்கும் வந்தார். அங்கே அவர் செய்தவை இரண்டு. பாவாடையைக் களைந்து காற்சட்டை உடையை ஏற்றார். 42 இறாத்தல் வண்டியை விட்டு அதன் அரைப்பங்கான 21 இறாத்தல் நிறையுள்ள ‘ஸ்ரேர்லிங்’ என்ற ஆண்கள் வண்டியை எடுத்தார். 1895 செப்டெம்பரிற் சிக்காகோவுக்குத் திரும்பிப் பயணத்தை நிறைவு செய்தார். பெரும்பகுதித் தூரத்தை அவர் கப்பலிற் கடந்தார் என்பதும் தம் கதைகளுக்கு நிறைய வண்ணம் பூசினார் என்பதும் உண்மையே. மார்செய்யிலிருந்து கிழக்கு நோக்கி வந்த அக்கப்பல் கொழும்புத் துறைமுகத்திலும் தரித்தது. அவ்வகையில் 1895இன் தொடக்கத்தில், குறுக்குச் சட்டம் உள்ள வண்டியோடு ஒரு பெண் இலங்கைக் கரையைத் தொட்டுச் சென்றிருக்கிறாள்.

பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையோர் மறக்கலாகாத ஒரு நிகழ்ச்சியும் இக்காலத்ததே. கேம்பிறிஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதா என்பது பற்றி 1897 மே 21ஆம் திகதி வாக்கெடுப்பு நடைபெற்றது. அதனை எதிர்த்துத் திரண்ட ஆண் மாணவர்கள், செனற் மண்டபத்துக்கு எதிரே, தெருவுக்கு மேலாக ஒரு கொடும்பாவியைத் தொங்கவிட்டனர். கல்வி கற்கும் பெண்ணை இழித்துரைக்க அவர்கள் தேர்ந்த உருவம் நூலேந்திய பெண்ணன்று, சைக்கிளில் அமர்ந்த பெண். பிரேரணை பெருவாக்கு வித்தியாசத்தில் தோற்றதும் கொடும்பாவி கிழித்தெறியப்பட்டது. கேம்பிறிஜ் பெண்களுக்கு முழுப்பட்டம் வழங்கியது 1948இலேயே. 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் இவ்விடயத்தில் அதற்கு மூத்தது.

காலனித்துவ வணிகத்தின் வழியே வண்டி தெற்காசியாவுக்கு வந்தது. றலி, ஹம்பர், றட்ஜ், ஹேர்க்குலிஸ், பிலிப்ஸ் முதலிய பெயர்கள் பர்மிங்ஹாமிலும் நொட்டிங்ஹாமிலும் போலவே யாழ்ப்பாணத்திலும் திருச்சியிலும் வீட்டுப் பெயர்களாயின. 1949இல் நிறுவப்பட்ட ரி.ஐ. நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹேர்க்குலிஸ் வண்டிகளைச் செய்தது. வண்டியோடு அதன் ஆண், பெண் பிரிவும் கேள்வியின்றி இறங்கியது. விக்டோரியா காலத்துப் பாவாடைக்காக வளைக்கப்பட்ட குழாய், சேலைக்கும் தாவணிக்கும் பள்ளிச் சீருடைக்கும் பொருந்தியது தற்செயலே. சேலைத் தலைப்பையும் கொய்யகத்தையும் சங்கிலியிலிருந்து காத்த மூடுபெட்டியைச் செய்தவர்கள் சேலையை மனத்திற்கொண்டு அதனைச் செய்யவில்லை.

ஆயின் இங்கே ஒரு பொருளியல் வேறுபாடு இருந்தது. மேலைநாட்டு மத்தியதரக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி என்பது சாத்தியம். இங்கோ வீட்டுக்கு ஒரு வண்டி. அந்த ஒன்றிலேயே தகப்பன் வேலைக்கும் சந்தைக்கும் தோட்டத்துக்கும் போகவேண்டும். பாரில் ஒரு பிள்ளை, கரியரில் மனைவி, மடியில் மற்றொரு பிள்ளை என்று கோயிலுக்கும் போகவேண்டும். பனையோலையும் அரிசி மூட்டையும் ஏற்றவேண்டும். இவையனைத்துக்கும் ஈடுகொடுப்பது பார் உள்ள வண்டியே. ஆகவே வீட்டின் முதல் வண்டி எப்போதும் ஆண்கள் வண்டியாகவே இருந்தது. பெண்கள் வண்டி என்பது இரண்டாவது வண்டி. அதனை வாங்குதல் என்பது, வீட்டுத் தேவைகளினின்றும் வேறாக மகளுக்கென்று ஒரு பயணம் உண்டு, அது நாள்தோறும் நிகழ்வது, அதற்காகக் காசு செலவிடலாம் என்பதைக் குடும்பம் ஏற்றுக்கொள்வதாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்பயணம் பெரும்பாலும் கல்விக்கான பயணம். தட்டையான நிலமும், நடந்து போகத் தூரமாயும் பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கிட்டவாயும் அமைந்த பாடசாலைகளும், பின்னேரங்களில் ரியூசனும் இதற்குத் துணை நின்றன. வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியும் இரட்டைப் பின்னலுமாக அணியணியாய்ச் சைக்கிளிற் செல்லும் மாணவியர் அப்பிரதேசத்தின் காலைக் காட்சியாயினர். இதனை முற்போக்கு என்று மட்டும் கூறிவிடவும் இயலாது. பாடசாலைக்குச் சைக்கிளிற் போக இசைவளித்த அதே தகப்பன், அவள் எந்த ஒழுங்கையால் வருகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள் என்பதைக் கண்காணிக்கவும் தவறவில்லை. ஊரும் தவறவில்லை.

குறுக்குச் சட்டத்தின் வரலாற்றில் எதிர்பாராத ஒரு திருப்பம் தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்தது. அங்கு 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளோட்டத்தையும் ஒரு பாடமாகக் கொண்டது. மாவட்ட ஆட்சியராயிருந்த சீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்று ஊக்கமளித்தார். இயக்கத் தொண்டர்களான பெண்கள் வண்டி வாங்குவதற்கு வங்கிக் கடன் கிடைக்கவும் வழிசெய்தார். கற்குழித் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் கிராம ஊழியர்களுமான பெண்கள் பெருந்தொகையாகச் சைக்கிளோடக் கற்றனர். ஓடிப் பழகியவர்களின் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. 1992ஆம் ஆண்டுச் சர்வதேசப் பெண்கள் தினத்தில் நூற்றுக்கணக்கானோர் மணியொலித்து நகர வீதிகளில் ஊர்வலம் வந்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கு சென்று எழுதிய கட்டுரை இதனை வெளியுலகுக்கு அறிவித்தது.

இத்தனை பெண்களுக்கும் போதுமான பெண்கள் வண்டிகள் கடைகளில் இருக்கவில்லை. அவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆண்கள் வண்டியை எடுத்தனர். சேலையை வரிந்துகொண்டு பாருக்கு மேலாற் காலைத் தூக்கிப் போட்டனர். இன்னும் கவனிக்கத்தக்கது, பற்றாக்குறை நீங்கிய பின்னும் சிலர் அதனையே விரும்பினர் என்பது. காரணம் எளியது: பாரிற் பிள்ளையை இருத்தலாம். தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் கரியரிற் கட்டி, பிள்ளையைப் பாரில் இருத்தி, ஒரே பயணத்தில் மூன்று வேலைகளை முடிக்கலாம். மானத்துக்காக ஒரு நூற்றாண்டின் முன் வளைக்கப்பட்ட குழாய், வேலைக்காகச் சைக்கிளெடுத்த தாய்க்கு ஒரு குறைபாடாகத் தெரிந்தது. இப்பெண்களுக்கு வண்டி தெரிவுசெய்து கொடுக்கத் தந்தையர் கடைக்கு வரவில்லை என்பதையும் இவ்விடத்திற் கருதவேண்டும்.

பின்னர் அரசுகளே தந்தையின் இடத்தை எடுத்தன. தமிழக அரசு 2001-02 கல்வியாண்டிலிருந்து ஆதிதிராவிட, பழங்குடி வகுப்பு மேனிலைப்பள்ளி மாணவியருக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கிச் சில ஆண்டுகளிற் பிற வகுப்பினருக்கும் மாணவர்களுக்கும் அதனை விரித்தது. மாணவியருக்குப் பாரில்லாதது, மாணவருக்குப் பாருள்ளது என்ற பழைய பங்கீடு இங்கும் மாறவில்லை. பீகாரில் 2006இல் வேறு முறை கையாளப்பட்டது. ஒன்பதாம் வகுப்பிற் சேரும் ஒவ்வொரு மாணவிக்கும் 2,000 ரூபா காசாகவே கொடுக்கப்பட்டு, வண்டியைத் தெரிவுசெய்வது குடும்பத்திடம் விடப்பட்டது. காசு வேறு வழியிற் செலவாகிவிடும் என்ற ஐயம் நிலவிய போதிலும் மிகப் பெரும்பாலானோர் வண்டியையே வாங்கினர். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியலாளர் இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்திட்டத்தால் உரிய வயதில் உயர்நிலைப்பள்ளியிற் சேரும் மாணவியரின் வீதம் 32 சதவீதம் உயர்ந்தது. ஆண், பெண் சேர்க்கைக்கு இடையிலான இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீற்றருக்கு மேல் தூரமாயிருந்த கிராமங்களிலேயே பயன் மிகுதியாகத் தெரிந்தது. தூரமே பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தியது என்பதற்கு இது எண்களால் அமைந்த சாட்சியம்.

வடஇலங்கையில் மகளின் வண்டி பெற்ற வாழ்வு வேறு விதமானது. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் எரிபொருள், மின்கலம் உள்ளிட்ட பொருள்கள் வடக்குக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. மோட்டார் வாகனங்கள் முடங்கிய குடாநாட்டைச் சைக்கிள்களே சுமந்தன. அக்காலத்தில் ஆண்கள் வண்டி, பெண்கள் வண்டி என்ற வேற்றுமை தேய்ந்தது. வீட்டில் ஓடக்கூடிய வண்டி எதுவோ அதனை எடுத்துக்கொண்டு எவரும் போயினர். மின்கலம் இல்லாத வீடுகளில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னோட்டத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த இரவில், மகளின் பாடசாலை வண்டியில் அரிசியும் உடுப்புப் பெட்டியும் நடக்கவியலாத பாட்டியும் ஏற்றப்பட, மகள் அதனை உருட்டிக்கொண்டு நடந்தாள். பார் இல்லாத வண்டியில் மூட்டை கட்டுவது கடினம் என்பதை அன்று பலர் கற்றனர்.

பின்னர் மோட்டார்ச் சைக்கிளும் ஸ்கூட்டியும் பெருகியபோது சைக்கிள் வறுமையின் அடையாளமாகத் தாழ்ந்தது. 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது மீண்டும் அதனைத் தேடிச் சென்றனர், விலையும் ஏறியது.

இதற்கிடையே மேலைநாடுகளில் குறுக்குச் சட்டத்தின் பொருளே மாறிப்போயிற்று. 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கென நடத்தப்பட்ட சைக்கிளோட்டப் போட்டியிற் கலந்துகொண்டோர் ஓடியது குறுக்குச் சட்டம் உள்ள வண்டிகளையே. மறுபுறம், பரிஸ் நகரில் 2007இலும் இலண்டனில் 2010இலும் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட நகர வண்டிகள் அனைத்தும் பாரில்லாத, தாழ்ந்த சட்டகத்தவை. கோட்டணிந்த கனவான்கள் அவற்றில் ஏறி அலுவலகம் செல்கின்றனர். அடிக்கடி நின்று இறங்கி ஏற வேண்டிய நகரத் தெருவுக்கு அவ்வடிவமே வசதியானது என்பதை, பெண்களுக்குரியது என்ற பெயரை எடுத்துவிட்ட பின்னரே அவர்கள் கண்டனர். உலோகவியலும் முன்னேறிவிட்டமையால் முன்னைய நிறைக் குறையும் பெரிதும் குறைந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக் கடைகளில் லுமாலாவும் இந்திய லேடி பேர்டும் இன்னமும் அந்த இரு வரிசைகளிலேயே நிற்கின்றன. மகளைக் கூட்டிவரும் பெற்றோர் முதலில் அவளை இருக்கையில் ஏற்றி, இரு காலும் நிலத்தில் ஊன்றுகின்றனவா எனப் பார்க்கின்றனர். செயின் கவரைத் தட்டிப் பார்க்கின்றனர். கரியர் புத்தகப் பையைத் தாங்குமா என்று கேட்கின்றனர். வாங்கிய வண்டி ஆறேழு ஆண்டுகள் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் ஓடும். பின்னர் அவள் பேராதனைக்கோ கொழும்புக்கோ படிக்கப் போய்விட, வண்டி விறாந்தையிற் சாத்தியிருக்கும். சில காலம் தாய் அதனை எடுத்து ஓடுவாள். அதன்பின், முழங்கால் நோவினால் தமது பழைய றலியின் பாருக்கு மேலாற் காலைத் தூக்கிப் போட இயலாதுபோன அப்பு, பேர்த்தியின் அந்த ஊதா நிறச் சைக்கிளை உருட்டி எடுத்துக்கொண்டு காலையிற் சந்தைக்குப் போவார்.